கூட வந்தவர் யார்

வெள்ளிமலை
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜாம்பாள் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இந்த வீட்டில் அதற்குப் பெயர்தான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? மலர்விழி எப்படி இருக்கிறாள்?

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். என் போன் தங்கமணியிடம் இருக்கிறது. நம் தம்பி பொண்டாட்டிக்கு யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாக வேண்டும். கேட்டதை மரவள்ளி ஏற்ற வருகிற லாரிக்காரன் வரைக்கும் சொல்லியாக வேண்டும். அதனால் கடிதம். பதிலை வீட்டுக்குப் போடாதே, நான் சமைக்கிற பள்ளி விடுதிக்குப் போடு.

எனக்கு ஆடியிலிருந்து தூரம் வரவில்லை. போகட்டும் என்று இருந்தேன். அது சும்மா போகவில்லை. மலைக்குளிரில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறுகிறது. ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. தூக்கம் சுத்தமாக இல்லை.

இன்னொன்று. அவன் திரும்ப வந்துவிட்டான், அக்கா. காதுக்குள் அதே குரல். இருபது வருஷம் எங்கே தொலைந்திருந்தானோ, புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வரவில்லை. "அரிசி கழுவறா பாரு, கை கழுவினாளா பாரு" என்று அதே மட்டமான பேச்சு. வேலைவெட்டி இல்லாத சொந்தக்காரன் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மாத்திரையை ஒருவேளைகூட நான் விடவில்லை. அப்புறம் ஏன் வந்தான் என்றுதான் புரியவில்லை.

தம்பியிடம் சொல்லிவிடாதே. சொன்னால் முன்பு என்னைக் கட்டிப்போட்ட அந்தச் சங்கிலி வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோய் விடுவான். உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உன் தங்கை,
ராஜாம்பாள்


மணலூர்பேட்டை
24.11.2024

பாசமுள்ள தங்கை ராஜாம்பாளுக்கு,

அக்கா கலையரசி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே மழை பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் போகிறது. மாமா கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு அலைகிறார். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தேன். தூரம் நிற்கும்போது எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் காந்தும். எனக்கும் இருந்தது, யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டேன். உனக்கு இது நல்ல காலம் என்றே நினைத்துக்கொள். ரத்தம் தலைக்கேறி வந்த வியாதி, ரத்தம் நின்றால் தானே இறங்கிவிடும் என்று அன்றைக்கே பெரியவர்கள் சொன்னார்கள் அல்லவா? இனிமேல் மாத்திரையே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடலாம் என்று மாமாவும் சொல்கிறார்.

ஆனால் அந்தக் குரல் கேட்கிறது என்றால் நீ மாத்திரையைச் சரியாகப் போடவில்லை என்றுதான் அர்த்தம். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கசப்பு ஆகாது, வாயில் ஒதுக்கித் துப்பிவிடுவாய். உன் நல்லதுக்காகத்தான் தம்பி சின்னராசுவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை விளக்கேற்று.

அக்கா,
கலையரசி


வெள்ளிமலை
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் மாமாவே வைத்தியம் சொல்லிவிடுவார்.

மாத்திரையை நிறுத்து என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியிலேயே மாத்திரையைத் துப்பினாயா என்று கேட்டிருக்கிறாய். எழுதியபின் ஒருமுறை படித்துப் பார்க்கும் பழக்கம் உனக்கு என்றைக்குமே கிடையாது. கரும்பு மேஸ்திரி சொல்லி மருந்தை நிறுத்துகிற அளவுக்கு எனக்கு இன்னும் பைத்தியம் முற்றவில்லை.

நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை இங்கே என்ன செய்திருக்கிறது தெரியுமா? தங்கமணி தினமும் டார்ச் லைட்டோடு வந்து நிற்கிறாள். "வாயத் தொற. நாக்கத் தூக்கு. அந்தாண்ட காட்டு" என்கிறாள். மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பவன்கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டான். நான் விழுங்குவதை நாள் தவறாமல் பார்த்துவிட்டு, கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கூட வந்தவங்க யாரு?" என்று அவளைக் கேட்டார். "மாத்திர போடுதா?"

"எங்க சார், துப்பிக்கினே கீது" என்றாள் அந்தப் புண்ணியவதி. தூரம் நின்றுபோனதை நான் சொல்ல வாயெடுத்தேன். "அத லேடி டாக்டராண்ட சொல்லும்மா" என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார். தலை வேறு, வயிறு வேறு என்று உடம்பைப் பாகம் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தடவை எடக்குப் பண்ணினால் சங்கிலி வீடுதான் என்று தம்பி சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னபோது அவன் கண்கலங்கினான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அதையும் குறித்துக்கொண்டார்கள்.

மலர்விழி எப்படி இருக்கிறாள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன்.

ராஜாம்பாள்


மணலூர்பேட்டை
20.1.2025

பாசமுள்ள தங்கைக்கு,

பொங்கல் எல்லாம் நல்லபடியாக ஆனது. உனக்கு எடுத்த புடவை இங்கேயே இருக்கிறது, யாராவது மலைக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மாமாவுக்குச் சளி. எனக்கு முழங்காலோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது.

பதில் எழுத நேரமாகிவிட்டது. வீட்டில் ஒரு நல்ல காரியம் பேசிக்கொண்டிருக்கிறோம். மலர்விழியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். களமருதூர்க்காரர்கள். பையன் பெயர் தமிழழகன், உரக்கடையில் இருக்கிறான். மரியாதையான குடும்பம். ரிஷிவந்தியம் கோயிலில் வைத்துத்தான் பார்த்தார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

அவர்கள் பக்கம் கொஞ்சம் விசாரிக்கிற ஆட்கள். அதனால் நீ இப்போதைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. டாக்டர் சொன்னபடி கேள். தங்கமணி உன் நல்லதுக்குத்தான் செய்கிறாள்.

அக்கா


வெள்ளிமலை
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்புக்கும் மாமாவின் சளிக்கும் என் அனுதாபம். மாப்பிள்ளைப் பையன் நல்லவனாக இருக்கட்டும். விசாரிக்கிற குடும்பம் என்று எழுதியிருக்கிறாய். கோயிலில் பெண்ணின் ஜாக்கெட் அளவு வரைக்கும் விசாரித்திருப்பார்கள், அது மட்டும் தெரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. போன வாரம் விடுதியில் மளிகை வாங்கப் போகிற வண்டியில் ஏறி, யாருக்கும் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், பெயர் ஷர்புன்னிசா. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன், போ.

"மாத்திர ஒழுங்கா போட்டுக்கினு இருந்தும் திரும்ப வந்துச்சுன்றீங்க. தூரம் எப்ப நின்னுச்சு?" என்று முதலில் கேட்டார். உடம்பில் ஊறுகிற ஹார்மோன் ஒன்று இருக்கிறதாம். இந்த நோய் உள்ள சில பெண்களுக்கு அது மாத்திரைக்குத் துணையாக நிற்குமாம். தூரம் நிற்கிற வயதில் அது குறையும்போது, இத்தனை வருஷம் போதுமாக இருந்த அதே மாத்திரை போதாமல் போய்விடுமாம். பிரசவமானதும் அந்த ஹார்மோன் சடாரென்று இறங்குமாம், அப்போதுதான் சிலருக்கு இது முதல்முதலாக வருமாம். "ஒங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது? கொழந்த பொறந்த பின்னாடியா?" என்று கேட்டார்.

"எனக்குக் குழந்தையே இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

எத்தனை டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். எல்லாத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. பெங்களூரில் நாம் கட்டட வேலைக்குப் போன இடத்தில் நான் பெற்றேன், எனக்குப் புத்தி பிசகியது, நீயும் மாமாவும் உங்கள் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தீர்கள். என் புருஷன் போனவன் போனவன்தான். அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாய். மலர்விழி என் வயிற்றில் பிறந்தவள் என்று நான் வாய் திறந்ததே இல்லை. இப்போதும் அவளிடம் சொல்லச் சொல்லவில்லை. உனக்கு அவ்வளவு பயம் வேண்டாம்.

மாத்திரையை ஏற்றுவதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய ஆரம்பத்தில் நடந்தது தெரிய வேண்டுமாம். நான் பேசும்போது நடுநடுவே அவன் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. கூட இருந்து பார்த்தவர் யாரையாவது அழைத்துவாருங்கள் என்றார். கூட இருந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கு வா. "பிரசவத்துக்கு அப்புறம்தான் வந்தது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல். டாக்டர் யாரிடமும் சொல்லமாட்டார். களமருதூருக்குக் கேட்காது.

ராஜாம்பாள்


வெள்ளிமலை
5.3.2025

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? பதில் இல்லாததால் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை விடுதியில் மதியச் சோற்றைக் கொட்டிவிட்டேன். ஒரு அண்டா சோறு. அவன் விஷம் கலந்துவிட்டதாகச் சொன்னான். வழக்கம்போல ஏளனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கரண்டியைப் போட்டபோது சோற்றில் பச்சை நிறம் தெரிந்தது. கண்ணால் பார்த்தேன், அக்கா. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். நான் அண்டாவைச் சாய்த்துவிட்டுக் குறுக்கே படுத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகள் பிஸ்கெட் தின்றுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். அதில் ஒருத்தி என் புடவையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். இத்தனை நாள் அவன்மேல் எனக்கு இளப்பம்தான் இருந்தது. அன்றைக்குப் பயம் வந்துவிட்டது. அவன் இன்னொருநாள் சோற்றைக் கொட்டச் சொல்லாமல் வேறு ஏதாவது செய்யச் சொன்னால் என்ன ஆகும்?

நான் சமைக்கலாம் என்று கோடை விடுமுறைக்குள் டாக்டரிடமிருந்து எழுதி வாங்கி வராவிட்டால் வேறு ஆள் போடுவார்கள். தம்பி சங்கிலி வீட்டுக்குப் போன் போட்டு இடம் கேட்டுவிட்டான். ஒரு வாக்கியம்தான் கேட்டேன். சீக்கிரம் வா.

ராஜாம்பாள்


மணலூர்பேட்டை
14.3.2025

ராஜாம்பாளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. மலர்விழி கண்ணில் படுவதற்குள் அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அந்த விஷயத்தை எழுத்தில் எழுதாதே.

நிச்சயம் முடிந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். அவர்கள் ஊர்க்காரர் இருவர் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். நான் அங்கே வந்து நின்றால் யாராவது பார்ப்பார்கள், ஏன் வந்தாள் என்று கேட்பார்கள். என்னால் முடியாது.

நீ பெரிய அறிவாளி மாதிரி என்னைக் குத்திக் குத்தி எழுதுகிறாய். அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. கட்டடத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம் பக்கத்தில் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாய். "இவன் கழுவச் சொல்றான்" என்றாய். உன் கையிலிருந்து நான்தான் பிடுங்கினேன். அன்றிலிருந்து அவளை நான் கீழே விடவில்லை. அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது நான். அவள் வயசுக்கு வந்தபோது பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் நான் யார்?

எனக்கு அவளை விட்டால் ஒன்றும் இல்லை. நீ பொறுத்துக்கொள்.

கலையரசி


வெள்ளிமலை
2.4.2025

அக்காவுக்கு,

உன் முழங்கால், இடுப்பு, மாமாவின் சளி எல்லாவற்றையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

டிரம் விஷயம் எனக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். நினைவிருக்கிறது. தண்ணீரின் மேல் சிமெண்ட் ஆடை படிந்திருந்தது வரைக்கும் நினைவிருக்கிறது. நீ பிடுங்கினாய். அதற்காக உன் காலில் விழுவேன். அதற்காகப் பொய்யை என் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே சாகமாட்டேன்.

தனியாகவே போனேன். சீட்டுப் போடுகிறவன் "கூட வந்தவங்க யாரு?" என்றான். "ஒருத்தன் இருக்கிறான், அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே உள்ளே விட்டான். பைத்தியத்துக்கும் சில சலுகைகள் உண்டு.

டாக்டரம்மா கேட்டார்: "ஒங்க அக்கா வரலியா?"

"வரமாட்டா. நான் பொய் சொன்னேன். எனக்குக் குழந்தை பிறந்தது, அதற்கப்புறம்தான் இது வந்தது."

அவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். போனமுறை இல்லை என்றவள் இந்தமுறை உண்டு என்றால் எதை நம்புவார்? எழுந்து நின்று புடவையை இறக்கி அடிவயிற்றைக் காட்டினேன். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த தழும்பு. தொப்புளிலிருந்து நேராகக் கீழே இறங்குகிற கோடு. இருபத்துநாலு வருஷமாக என்னைப் பார்த்த மனநல டாக்டர்கள் நாக்கைப் பார்த்தார்கள், கை நடுக்கத்தைப் பார்த்தார்கள், கூட வந்தவர்களைப் பார்த்தார்கள். ஒருத்தராவது கழுத்துக்குக் கீழே பார்க்கவில்லை. நீ வரவில்லை. உன் பங்குக்கு என் வயிறு சாட்சி சொல்லிவிட்டது.

டாக்டரம்மா என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தார். "இவங்க மாத்திரைய துப்பல. ஒடம்பு மாறிப்போச்சு" என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னார். மாத்திரையை மாற்றி எழுதினார். சூட்டுக்கும் தூக்கத்துக்கும் பெண்கள் பிரிவுக்கு அவரே கூட வந்தார். தம்பிக்குப் போன் போட்டு, சங்கிலி வீடு என்று வாயைத் திறந்தால் கேஸ் ஆகும் என்றார். நம் தம்பி போனிலேயே எழுந்து நின்றானாம். தங்கமணி டார்ச்சைப் பரணில் வைத்துவிட்டாள்.

அவன் இன்னும் போகவில்லை. மூலையில் கிடந்து முணுமுணுக்கிறான். போவான் என்கிறார்கள்.

இதெல்லாம் என் கதை. இதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார், "கொழந்த பொண்ணா? கல்யாணம் ஆயிருச்சா?" எனக்கு வந்தது அவளுக்கும் வரக்கூடுமாம். வராமலே போகலாமாம். ஆனால் அவளுக்குப் பிரசவமாகிறபோது அங்கே இருக்கிற டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமாம். தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம், தெரியாவிட்டால் டிரம் பக்கத்தில் நிற்கிறவரைக்கும் யாருக்கும் புரியாது.

"அம்மாவுக்கு இந்த மாதிரி வந்துச்சா?" என்று மலர்விழியைக் கேட்பார்கள். அவள் உன்னை நினைத்துக்கொண்டு இல்லை என்பாள்.

அந்தக் களமருதூர் வீட்டில் பிடுங்குவதற்கு யார் இருப்பார்கள்? கல்யாணத்துக்கு நான் வரவில்லை, அழைக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அடுப்பில் போடு. போடுவதற்கு முன் ஒருமுறை படி.

ராஜாம்பாள்


மணலூர்பேட்டை
8.9.2025

பாசமுள்ள தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? திரும்ப நீயே அண்டா வைக்கிறாய் என்று தம்பி சொன்னான். நிம்மதியாக இருந்தது. இங்கே வெயில் ஓயவில்லை.

கல்யாணம் வைகாசியில் நல்லபடியாக முடிந்தது. பதினெட்டு வகைப் பலகாரம். எல்லோரும் பாராட்டினார்கள். தாலி ஏறும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மலர்விழிக்கு நாள் தள்ளியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அட்டை போட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நர்ஸ் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று. அம்மாவுக்குப் பிரசவத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா என்று கேட்டபோது மலர்விழி என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "சொல்லும்மா, நான் பொறக்கசொல்ல இன்னா ஆச்சு?" என்றாள்.

நான் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் தலைவாரிக்கொண்டால்கூட எனக்கு அந்த டிரம் தெரிகிறது.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருகிறேன். சித்தியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

அக்கா


வெள்ளிமலை
19.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சும்மா சொல்லவில்லை, சுகம்தான். அவன் போய்விட்டான், சொல்லிக்கொள்ளாமல்.

பஸ்ஸில் எதுவும் சொல்லித் தொலைக்காதே. மலை முழுக்க வளைவு, மசக்கைக்காரி, வாந்தி எடுத்துக்கொண்டே இதையும் கேட்க வேண்டுமா? எப்போது எதைச் செய்வது என்று உனக்கு எப்போதுதான் தெரிந்தது? அவளை ஜன்னல் ஓரமாக உட்காரவை. எலுமிச்சம்பழம் கொடு.

இங்கே வந்து கால் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டும். நான் சொல்கிறேன். டிரம்மையும் சொல்வேன், பிடுங்கியது நீ என்பதையும் சொல்வேன். அவள் நம்பாமல் உன் முகத்தைத்தான் பார்ப்பாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று மட்டும் சொல். அதற்கு மேல் உன்னிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

உன் தங்கை,
ராஜாம்பாள்